சாட்சியில்லாத காதல்: தன்பாலீர்ப்பு நாவல்களில் நம்பிக்கை ஏன் இவ்வளவு சிக்கலாகிறது?

இரண்டு ஆண்களுக்கு இடையிலான காதலைச் சொல்லும் சமகால நாவல்கள் ஆங்கிலத்திலோ மொழிபெயர்ப்பிலோ, ஏதாவது ஒரு வழியில் பெங்களூரில் உள்ள தமிழ் வாசகர்களின் கைக்கும் வந்து சேர்கின்றன. படித்து முடித்தவர்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் இவைதான். இந்த உறவைக் குற்றமாக்கிய 377-ஆவது பிரிவுதான் போய்விட்டதே, இன்னும் எதற்கு இந்த ஆள் ஒளிந்துகொண்டே இருக்கிறான்? இவ்வளவு அன்பாக இருப்பவன் கூட வாழ்கிறவனிடமே ஏன் பொய் சொல்கிறான்? தன்னை ஏற்றுக்கொள்வது என்கிறார்களே, அப்படியென்றால் ஊரைக் கூட்டிச் சொல்வதா?

நியாயமான கேள்விகள். ஆனால் பதிலில் பாதிதான் கதைக்குள் கிடைக்கும். மீதி சட்டத்திலும், வாடகை ஒப்பந்தத்திலும், ஆஸ்பத்திரிப் படிவத்திலும், நம் வீடுகளில் நடக்கும் கல்யாணப் பேச்சிலும் இருக்கிறது. அதையெல்லாம் சேர்த்துப் பார்த்தால்தான் நம்பிக்கை என்ற விஷயம் ஏன் இந்தக் கதைகளின் நடுமையத்தில் வந்து உட்காருகிறது என்பது விளங்கும்.

## முதலில் சில அடிப்படைகள்

தன்பாலீர்ப்பு என்பது தன் பாலினத்தைச் சேர்ந்தவர் மீதே காதலும் உடல் ஈர்ப்பும் கொள்ளும் இயல்பு. அது நோய் என்ற பார்வையை மருத்துவ உலகம் எப்போதோ கைவிட்டுவிட்டது. உலக சுகாதார நிறுவனம் தன் நோய்ப் பட்டியலிலிருந்து இதை நீக்கியது 1990 மே 17 அன்று. 'மாற்றிக் காட்டுகிறேன்' என்று சிகிச்சை தருவது தொழில் ஒழுங்கை மீறிய செயல் என்று இந்தியாவின் தேசிய மருத்துவ ஆணையம் 2022-இல் அறிவித்தது.

காதல் நாவல் என்பது தனி வகைமை. காதல் வருகிற எல்லா நாவலும் இதில் சேராது. இரண்டு பேர் சந்திப்பதும், நெருங்குவதும், ஏதோ ஒன்றால் பிரிவதும், மீண்டும் சேர்வதும்தான் இதன் முதுகெலும்பு. பெரும்பாலும் கதையில் முக்கால்வாசி கடந்ததும் பிரிவு வரும். முடிவில் சேர்ந்தாக வேண்டும் என்பது இந்த வகைமையின் விதி.

தன்னேற்பு என்பது தன் இயல்பைக் குற்றமாகவோ குறையாகவோ கருதாமல் அதோடு வாழப் பழகுவது. பிறரிடம் சொல்வது இதிலிருந்து வேறான செயல். இரண்டையும் ஒன்றாக்கிக்கொள்வதால்தான் பாதிக் குழப்பம் வருகிறது. அதைப் பிறகு பார்ப்போம்.

## சட்டம் நடந்து வந்த பாதை

1. இந்திய தண்டனைச் சட்டம் 1860-இல் இயற்றப்பட்டது. 'இயற்கைக்கு மாறான' உறவைத் தண்டிக்கும் 377-ஆவது பிரிவு அதில் இருந்தது. அதிகபட்சத் தண்டனை ஆயுள் சிறை.
2. 2009 ஜூலை 2 அன்று, வயது வந்த இருவர் விருப்பத்தோடு தனிமையில் இருப்பது குற்றமாகாது என்று டெல்லி உயர் நீதிமன்றம் சொன்னது.
3. 2013 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. குற்றம் திரும்பி வந்தது.
4. 2017 ஆகஸ்டில், அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒன்பது நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. அந்த வழக்கைத் தொடுத்த புட்டஸ்வாமி, கர்நாடக உயர் நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி. பாலியல் இயல்பும் அந்தரங்கத்தில் அடக்கம் என்று அந்தத் தீர்ப்பு சொன்னதுதான் அடுத்த படிக்கு வழிவிட்டது.
5. 2018 செப்டம்பர் 6 அன்று, விருப்பத்தோடு சேரும் வயது வந்தவர்கள் விஷயத்தில் 377 செல்லாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இந்த மக்களிடமும் அவர்களின் குடும்பங்களிடமும் வரலாறு மன்னிப்புக் கேட்கக் கடமைப்பட்டிருக்கிறது என்று நீதிபதி இந்து மல்ஹோத்ரா எழுதினார். இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் இந்தப் பிரிவே கிடையாது.
6. 2023 அக்டோபர் 17 அன்று, தன்பாலினத் திருமணத்தை அங்கீகரிக்க உச்ச நீதிமன்றம் மறுத்தது. அது நாடாளுமன்றம் முடிவெடுக்க வேண்டியது என்றது. மறுஆய்வு மனுக்களும் 2025 ஜனவரியில் தள்ளுபடியாகிவிட்டன.

நாவல் படிக்கும்போது இந்தத் தேதிகள் எதற்கு என்றால், கதாபாத்திரத்தின் வயதோடு வைத்துப் பார்ப்பதற்கு. விளக்கத்துக்காக ஒரு கதையை நாமே கட்டிக்கொள்வோம். சேலத்திலிருந்து வேலைக்காக பெங்களூர் வந்தவன் ஒருவன், 1991-இல் பிறந்தவன். அல்சூரில் பிறந்து வளர்ந்த பெங்களூர்த் தமிழன் இன்னொருவன், ஏழு வருடம் இளையவன். இருவரும் ஒரே வீட்டில் இருக்கிறார்கள்.

சேலத்துக்காரனுக்குப் பதினெட்டு வயதாகும் வருடத்தில் டெல்லித் தீர்ப்பு வருகிறது. தயங்கித் தயங்கி யாரோ ஒரு நண்பனிடம் சொல்கிறான் என்று வைத்துக்கொள்வோம். நான்கு வருடம் கழித்து அவன் மறுபடியும் குற்றவாளி. இப்போது அந்த நண்பன் கையில் அவனைப் பற்றிய ஒரு ரகசியம் இருக்கிறது. மிரட்டிப் பணம் பறிக்க இந்தப் பிரிவு எவ்வளவு வசதியாகப் பயன்பட்டது என்பது வழக்கு ஆவணங்களிலேயே உண்டு. நம்பிச் சொன்னதற்கு விலை கொடுக்க நேரலாம் என்பதை இருபத்திரண்டு வயதில் படித்துக்கொண்டவன் அவன். அல்சூர்க்காரனுக்கோ இருபது வயதில் 2018 தீர்ப்பு வந்துவிட்டது. கல்லூரி முடிக்கும் முன்பே, பாலியல் சிறுபான்மையினர் நடத்தும் 'நம்ம பிரைட்' பேரணியில் நடந்திருப்பான். பெங்களூரில் அது 2008-லிருந்து நடக்கிறது. முதல் வருடம் டெல்லியிலும் கொல்கத்தாவிலும் அதே நாளில் பேரணி போனது.

ஏழு வருட இடைவெளி ஒரு வாழ்க்கை இடைவெளியாக ஆகிவிடுகிறது. இளையவனுக்கு மூத்தவனின் எச்சரிக்கை கோழைத்தனமாகத் தெரிகிறது. மூத்தவனுக்கு இளையவனின் தைரியம் பொறுப்பில்லாததாகத் தெரிகிறது. நல்ல எழுத்தாளர் இதில் யார் பக்கமும் சாய மாட்டார்.

## களவு உண்டு, வரைவு இல்லை

தமிழ் வாசகருக்கு இந்த இடத்தில் ஒரு வசதி இருக்கிறது. மறைவான காதலின் இலக்கணத்தை நாம் ஏற்கெனவே படித்திருக்கிறோம். தொல்காப்பியம் களவியல், கற்பியல் என்று இரண்டு இயல்களை வைத்தது. ஊரறியாமல் நடப்பது களவு. ஊர் முணுமுணுக்கத் தொடங்கினால் அலர். அலர் வந்ததும் தோழி தலைவனிடம் சீக்கிரம் வந்து மணந்துகொள் என்று நெருக்குகிறாள். அது வரைவு கடாதல்; வரைவு என்றால் மணம். மணம் முடிந்தால் கற்பு. மறைவு என்பது கடந்துபோக வேண்டிய ஒரு பருவம், தங்கிவிடும் இடம் கிடையாது என்பதுதான் இந்த ஏற்பாட்டின் அடிப்படை.

நம் கதையின் இருவருக்கும் களவு இருக்கிறது, அலர் இருக்கிறது, வரைவு மட்டும் இல்லை. 2023 தீர்ப்பின் நேரடி விளைவு இது. எத்தனை வருடம் சேர்ந்து வாழ்ந்தாலும் சட்டத்தின் கண்ணில் அவர்கள் ஒரே வீட்டில் இருக்கும் இரண்டு அந்நியர்கள்.

குறுந்தொகையில் கபிலர் பாட்டு ஒன்று, இருபத்தைந்தாவது. எங்களுக்குள் நடந்ததற்கு அவனைத் தவிர யாரும் சாட்சியில்லை, அவனே பொய் சொல்லிவிட்டால் நான் என்ன செய்வேன் என்கிறாள் தலைவி. தினைத்தாள் போன்ற மெல்லிய காலோடு, ஓடும் நீரில் ஆரல் மீனுக்குக் காத்திருந்த குருகு ஒன்று அங்கே இருந்ததாம், அவ்வளவுதான். எனக்குத் தெரிந்து இந்த நாவல்களின் மையச் சிக்கலை இதைவிடத் துல்லியமாக யாரும் சொன்னதில்லை. கல்யாணம் என்பது நூறு பேரைச் சாட்சியாக வைத்துக்கொள்ளும் ஏற்பாடு. ஒருவன் மனம் மாறினாலும் பந்தியில் சாப்பிட்டுப் போன சித்தப்பா கேள்வி கேட்பார், நீதிமன்றம் ஜீவனாம்சம் கொடுக்கச் சொல்லும். சாட்சியே இல்லாத உறவில் முழுப் பாரத்தையும் மற்றவனின் வார்த்தை ஒன்றே தாங்க வேண்டியிருக்கிறது. அதனால்தான் மற்ற காதல் கதைகளில் சின்ன விஷயமாகக் கடந்துபோகும் ஒரு பொய், இங்கே வீட்டையே சாய்த்துவிடுகிறது.

நடைமுறையில் பாருங்கள். சேலத்துக்காரன் உயில் எழுதாமல் இறந்துபோனால் சொத்து அம்மாவுக்குப் போகும். கூட வாழ்ந்தவனுக்குச் சட்டப்படி ஒன்றும் இல்லை. அறுவை சிகிச்சைக்கு முன்னால் ஆஸ்பத்திரி கேட்பது 'ரத்த சொந்தம்' ஒருவரின் கையெழுத்தை. சில கதவுகள் மெல்லத் திறக்கின்றன. தன்பாலின இணையர் கூட்டு வங்கிக் கணக்கு தொடங்கவும், இணையரை நாமினியாக வைக்கவும் தடையில்லை என்று மத்திய நிதி அமைச்சகம் 2024 ஆகஸ்டில் தெளிவுபடுத்தியது. மனநலச் சிகிச்சை தேவைப்பட்டால் தனக்காகப் பேச யாரை வேண்டுமானாலும் நியமிக்க 2017 மனநலச் சட்டம் இடம் தருகிறது. குடும்பம் உருவாகத் திருமணம் ஒன்றே வழியில்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் 2025 மே மாதம் ஒரு வழக்கில் சொன்னது. ஆனால் இவை ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் போய்க் கேட்டு வாங்க வேண்டும். கேட்பதற்கு முதலில் கவுன்டரில் நின்று இவர் எனக்கு யார் என்று வாய்திறந்து சொல்ல வேண்டும்.

## இரண்டாவது அறையில் விரித்த படுக்கை

பெங்களூர் இந்த மறைவுக்கு இடம் கொடுக்கிற ஊர். 'ஃபேமிலிக்கு மட்டும்' என்று வீட்டுக்காரர்கள் சொல்வது உண்டு. ஆனாலும் வேலைக்கு வந்த இரண்டு ஆண்கள் சேர்ந்து வீடு எடுப்பதை யாரும் வித்தியாசமாகப் பார்ப்பதில்லை. ரூம்மேட் என்று சொன்னால் போதும். ஒரு ஆணும் பெண்ணும் கல்யாணமாகாமல் சேர்ந்து வாழ வீடு தேடினால் வரும் கேள்விகள் இவர்களுக்கு வருவதில்லை. அந்த வசதிக்கு ஒரு விலை இருக்கிறது. கேள்வி வராததால் பதில் சொல்லவும் பழகுவதில்லை.

நம் கதையின் சேலத்துக்காரனுடைய அம்மா வருடத்துக்கு இரண்டு தடவை வருகிறார். வருவதற்கு முந்தின நாள் நடக்கும் வேலைகளை ஒரு நல்ல நாவல் விடாமல் எழுதும். இரண்டாவது அறையில் படுக்கை விரித்து, யாரோ படுத்து எழுந்த மாதிரி கொஞ்சம் கசக்கி விடுவது. ஒரே பீரோவில் கிடக்கும் சட்டைகளைப் பிரிப்பது. மருந்துச் சீட்டு, சேர்ந்து எடுத்த படம், ஒரே முகவரிக்கு இரண்டு பெயரில் வந்த பத்திரிகை எல்லாம் மேல் அடுக்குக்குப் போவது. அம்மா இருக்கும் ஒரு வாரமும் அல்சூர்க்காரன் தன் வீட்டுக்குப் போய்விடுகிறான். போனில் அம்மா கேட்கிறார்: "ஏன்டா, அந்தப் பையன் வாடகை ஒழுங்கா குடுக்கறானா?" ஸ்பீக்கரில் இருக்கிறது, பக்கத்திலேயே அவன் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருக்கிறான். "குடுக்கறாம்மா."

இதுவரை நடந்ததில் துரோகம் எதுவும் இல்லை என்பது என் வாதம். அல்சூர்க்காரனுக்கு இது வலிக்கலாம். ஆனால் அவனுக்குத் தெரிந்துதான் நடக்கிறது, படுக்கை விரிக்க அவனும் ஒரு முனையைப் பிடிக்கிறான். பிளவு வருவது வேறொரு ஞாயிற்றுக்கிழமையில். சொந்தக்காரர் வீட்டு கிரகப்பிரவேசம் என்று சொல்லிவிட்டு, சேலத்துக்காரன் ஊரில் பெண் பார்க்கப் போய்விட்டு வருகிறான். அம்மாவின் வாயை அடைக்கத்தான் போனான், சம்மதிக்கும் எண்ணமே இல்லை. அப்படித்தான் அவனும் சொல்வான், உண்மையும் அதுதான்.

## இரண்டு வகை மறைப்பு

வாசகர்கள் பெரும்பாலும் தவறவிடும் வேறுபாடு இது.

1. இருவரும் சேர்ந்து உலகத்திடம் மறைப்பது. இதில் பொய் இருக்கிறது, களைப்பு இருக்கிறது. ஆனால் இருவருக்கும் உண்மை தெரியும். வேலை போய்விடும், வீடு போய்விடும், அப்பாவுக்கு இதய நோய் என்று எத்தனையோ காரணங்கள் இருக்கலாம். பாதுகாப்புக்காக மறைப்பவனைக் கோழை என்று தீர்ப்பெழுதும் உரிமை, அந்த ஆபத்தில் வாழாத நமக்குக் கிடையாது.

2. உலகத்திடம் மறைத்துப் பழகிய அதே கையால் துணையிடமும் மறைப்பது. இது தனியாகச் செய்யும் காரியம். பெண் பார்க்கப் போனதைச் சொல்லாமல் விட்டது இந்த ரகம். இங்கேதான் நம்பிக்கை உடைகிறது.

முதலாவது எப்படி இரண்டாவதாக மாறுகிறது என்பதுதான் இந்த நாவல்களின் உண்மையான கதை. அமெரிக்க ஆய்வாளர் இலான் மேயர் 2003-இல் விரிவாக எழுதிய 'சிறுபான்மை அழுத்தம்' என்ற கருத்து இதற்கு உதவும். வெளியிலிருந்து வரும் வெறுப்பு ஒரு பக்கம். இன்னொரு பக்கம், ஒதுக்கிவிடுவார்கள் என்ற ஓயாத எதிர்பார்ப்பு, மறைத்துக்கொண்டே இருக்கும் உழைப்பு, ஊரின் வெறுப்பைத் தானும் நம்பத் தொடங்கும் நிலை. பன்னிரண்டு வயதிலிருந்து எந்தக் கேள்வி வந்தாலும் பத்திரமான பதில் எது என்று கணக்குப் போட்டு வளர்ந்தவனுக்கு, அந்தக் கணக்கை வீட்டுக்குள் வந்ததும் நிறுத்தத் தெரிவதில்லை. உண்மையைச் சொன்னால் இவனும் போய்விடுவான் என்பது அவனுக்குச் சந்தேகம்கூட இல்லை, தெரிந்த விஷயம் மாதிரி. அதனால் சொல்வதில்லை. சொல்லாததால்தான் இவன் போகிறான்.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். அந்த ஞாயிற்றுக்கிழமை சேலத்தில் புடவை கட்டிக்கொண்டு காபித் தட்டோடு வந்து நின்ற ஒரு பெண் இருக்கிறாள். அவளை வெறும் தடைக்கல்லாக வைத்துவிட்டுக் கதாநாயகனின் கண்ணீருக்குத் தாவும் நாவல்கள் உண்டு. எனக்கு அவை ஒப்புவதில்லை. இந்த மறைப்பில் மிக அதிகமாக ஏமாற்றப்படுபவள் அவள்தான். அவளுக்குத் தெரிந்தே ஆகவேண்டிய உண்மை இருந்தும் சொல்லப்படாதவள். கல்யாணம்வரை போய்விட்டால் அந்தப் பெண்ணின் வாழ்க்கை என்னாகிறது என்பது நம் ஊர்களில் பலருக்கும் தெரிந்த கதை.

## ஏற்பு என்பது அறிவிப்பா?

படங்களிலும் வெளிநாட்டு நாவல்களிலும் பார்த்துப் பழகிய காட்சி ஒன்று இருக்கிறது. குடும்பம் மொத்தமும் உட்கார்ந்திருக்க, கதாநாயகன் எழுந்து நின்று ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறான். தன்னேற்பின் உச்சம் அதுதான் என்று வாசகர்களும் எதிர்பார்க்கிறார்கள். அந்தக் காட்சி இல்லாவிட்டால் அவன் இன்னும் தன்னை ஏற்கவில்லை என்று முடிவுகட்டுகிறார்கள்.

தமிழ்க் குடும்பங்களில் உண்மை பொதுவாக அப்படிப் பயணிப்பதில்லை. மறுபடியும் அகத்திணையை, அதாவது பழந்தமிழின் காதல் இலக்கணத்தைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. அறத்தொடு நிற்றல் என்ற துறையில், தலைவி தோழியிடம் சொல்வாள், தோழி வளர்ப்புத்தாயான செவிலியிடம், செவிலி பெற்றவளான நற்றாயிடம், நற்றாய் தந்தையிடமும் அண்ணன்மாரிடமும். ஒவ்வொரு படியிலும் கேட்டவர் ஜீரணித்துக்கொள்ள நேரம் கிடைக்கிறது; ஒவ்வொருவரும் அடுத்தவருக்குத் தக்க மாதிரி சொல்கிறார்கள். இன்றைக்கும் வீடுகளில் இதே வழிதான். முதலில் அக்காவுக்குத் தெரியும். அக்கா வீட்டுக்காரரிடம் சொல்வாள். அம்மாவிடம் சொல்ல சரியான சித்தி ஒருவர் வேண்டும். அப்பாவுக்குத் தெரிந்தும் தெரியாத மாதிரி சில வருடங்கள் போகும். இதை எழுதும் நாவல் அறிவிப்புக் காட்சி எழுதும் நாவலைவிட எந்த விதத்திலும் குறைந்தது கிடையாது. நம் வாழ்க்கைக்கு அது கிட்டத்தில் இருக்கிறது.

கேட்பவருக்கும் காலம் தேவை என்பதற்கு நீதிமன்றத்திலேயே ஓர் உதாரணம் உண்டு. மதுரையிலிருந்து சென்னைக்கு வந்து பாதுகாப்புக் கேட்ட இரண்டு பெண்களின் வழக்கில், 2021-இல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், தனக்கே இந்த விஷயத்தில் புரிதல் போதவில்லை என்று சொல்லி ஓர் உளவியலாளரிடம் அமர்ந்து கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே உத்தரவு எழுதினார். சட்டம் படித்தவருக்கே அந்த அவகாசம் தேவைப்பட்டது. சேலத்து அம்மாவுக்குத் தேவைப்படாதா?

அப்படியானால் தன்னேற்பை ஒரு நாவலில் எங்கே பார்ப்பது? சின்ன இடங்களில். அடுத்த முறை அம்மா வாடகை பற்றிக் கேட்கும்போது, "அவன் வாடகை குடுக்கறவன் இல்லம்மா, நாங்க ரெண்டு பேரும் சேர்ந்துதான் எல்லாம் பாக்கறோம்" என்று சேலத்துக்காரன் சொன்னால் போதும். அம்மா அதைப் புரிந்துகொண்டாரா என்பது அடுத்த கேள்வி. அவன் தன் வாயால் துணையை வாடகைக்காரன் என்று சொல்வதை நிறுத்திவிட்டான். பெண் பார்க்கப் போனதை, கண்டுபிடிக்கப்படும் முன்பே தானாகச் சொல்லிவிட்டால் அது இன்னும் பெரிய படி.

எதிர்ப்பக்கத்தையும் மறந்துவிடக் கூடாது. தைரியசாலி அல்சூர்க்காரனுக்கும் ஒரு பாடம் இருக்கிறது. என்னை நேசித்தால் அம்மாவிடம் சொல்லு என்று கெடு வைப்பது, மற்றவனின் பயத்தை அன்பின் அளவுகோலாக ஆக்கிவிடுகிறது. ஒருவனின் ரகசியத்தை அவன் அனுமதியில்லாமல் அவன் வீட்டாரிடம் போட்டு உடைப்பதைக் காதலின் வேகமாகக் காட்டும் நாவல்களும் இருக்கின்றன. அது காதலில் சேராது. அதுவும் நம்பிக்கைத் துரோகம்தான்.

## ஏன் சேர்ந்தே ஆக வேண்டும்?

சோகமாக முடிந்தால்தானே யதார்த்தம் என்று கேட்பவர்கள் நிறைய. ஆங்கில எழுத்தாளர் இ.எம். ஃபார்ஸ்டர் 1913-14-இல் இரண்டு ஆண்களின் காதலை 'மாரிஸ்' என்ற நாவலாக எழுதினார். மகிழ்ச்சியான முடிவு கட்டாயம் வேண்டும் என்பதில் உறுதியாக இருந்தார். அந்த முடிவால்தான் நூலை வெளியிட முடியாமல் போனது. ஒருவன் தூக்கில் தொங்கியிருந்தால் சிக்கல் இருந்திருக்காது என்று அவரே பின்னுரையில் எழுதினார். அவர் இறந்த பிறகு 1971-இல்தான் புத்தகம் வந்தது. இப்படிப்பட்டவர்கள் கதையில் சாகவோ பிரியவோ வேண்டும் என்பது தணிக்கையும் ஊரும் விதித்த நிபந்தனையாக நீண்ட காலம் இருந்தது. அதை நாம் யதார்த்தம் என்று பழகிக்கொண்டோம். சேர்ந்து வாழும் இருவரைக் காட்டுவது அந்த நிபந்தனைக்கு எதிரான முடிவு.

ஆனால் எப்படிச் சேர்கிறார்கள் என்பதில் எழுத்தாளர் உழைக்க வேண்டும். மற்ற காதல் நாவல்களுக்குக் கல்யாண மண்டபம் இருக்கிறது, அங்கே கொண்டுபோய்க் கதையை நிறுத்திவிடலாம். இங்கே அது கிடையாது. ஒரு முத்தத்தோடு முடித்துவிட்டால் உடைந்த நம்பிக்கை எப்படி ஒட்டியது என்ற கேள்வி அப்படியே நிற்கும். பதினோரு மாத வாடகை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது இருவர் பெயரையும் போடுவது, வங்கியில் நாமினியை மாற்றுவது, உயில் எழுதுவது, அக்காவை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிடும்போது படுக்கையைப் பிரித்து விரிக்காமல் விடுவது என்று சாட்சிகளை ஒவ்வொன்றாக அவர்களே சேர்க்க வேண்டியிருக்கிறது. பொய் சொன்னவன்தான் இதில் முதல் அடி எடுத்து வைக்க வேண்டும். மன்னிப்புக் கேட்கும் வசனம் அதற்குப் பிறகு வந்தால் போதும். அம்மா அந்த முடிவுக்குள் வந்தே ஆகவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அவருக்கு இன்னும் இரண்டு வருடமோ மூன்று வருடமோ ஆகலாம் என்று விட்டுவிடும் நாவலும் நேர்மையாகத்தான் முடிந்திருக்கிறது.